விழுந்தால் வீட்டுக்கு... விழாவிட்டால் யாருக்கு? – சூதாட்டத் தொழில் தன்னை நியாயப்படுத்திய வரலாறு

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர் தாயில்பட்டி. பட்டாசும் தீப்பெட்டியும்தான் இந்த வட்டாரத்தின் சோறு. இதன் அருகில் வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. கிடைத்த பொருட்களில் மணிகள், சங்கு வளையல்கள், பானை ஓடுகள் ஆகியவற்றோடு சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும் இருந்தன. கீழடியிலும் பகடைக்காய்கள் கிடைத்துள்ளன. ஆக, விளையாட்டு என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அந்தக் காய்களை வைத்துப் பணயம் கட்டினார்களா, சும்மா பொழுதுபோக்கினார்களா என்று காய்கள் சொல்வதில்லை. ஆனால் திருக்குறளில் 'சூது' என்று ஒரு தனி அதிகாரமே (94) இருப்பதால், பணயம் வைத்து ஆடியவர்களும் அதில் அழிந்தவர்களும் அன்றே இருந்தார்கள் என்பது தெரிகிறது.

பழைய சூதாடிக்கும் இன்றைய சூதாட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழைய சூதாடி தான் செய்வது நல்ல காரியம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. சூதாட்டம் ஒரு 'தொழில்' ஆன பிறகுதான் அது மேடையேறிப் பேசத் தொடங்கியது. "நாங்கள் வேலை கொடுக்கிறோம், அரசுக்கு வரி கொடுக்கிறோம், தர்மம் செய்கிறோம்" என்று அது சொன்னது. அந்தப் பேச்சின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கல்கத்தாவில் ஒரு மண்டபம்

சிவகாசியின் தொழில் வரலாறு கல்கத்தாவில் தொடங்குகிறது. 1922-ம் ஆண்டு அய்யநாடார், சண்முகநாடார் இருவரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவர அங்குதான் போனார்கள். அவர்கள் போய் இறங்கிய அதே நகரத்தில் 1813-ல் கட்டி முடிக்கப்பட்ட டவுன் ஹால் என்ற பெரிய மண்டபம் நின்றுகொண்டிருந்தது. அது லாட்டரிப் பணத்தில் கட்டப்பட்டது! 1817-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 'லாட்டரி கமிட்டி' என்றே ஒரு குழு அமைத்து, லாட்டரி வருமானத்தில் கல்கத்தாவின் சாலைகளையும் குளங்களையும் அமைத்தது. 1836 வரை அந்தக் குழு செயல்பட்டது.

வரி போட்டால் மக்கள் முணுமுணுப்பார்கள். சீட்டு விற்றால் அவர்களே வரிசையில் நின்று பணம் கொடுப்பார்கள். கிடைத்த பணத்தில் சாலை போட்டால் "பார்த்தீர்களா, எல்லாம் மக்களுக்காகத்தான்" என்று சொல்லிவிடலாம். இந்த மூன்று வரியும் 200 ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை.

பரிசுச் சீட்டு பிறந்த கதை

சுதந்திர இந்தியாவில் முதலில் அரசு லாட்டரி தொடங்கிய மாநிலம் கேரளா. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வராக இருந்தபோது, நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு இந்த யோசனையைக் கொண்டுவந்தார். 1967 நவம்பர் 1-ல் விற்பனை தொடங்கியது. சீட்டின் விலை ரூ.1, முதல் பரிசு ரூ.50,000. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது.

அதே 1968-ல் அறிஞர் அண்ணா முதல்வராக இருந்த தமிழகத்திலும் லாட்டரி வந்தது. இங்கே அதற்கு வைத்த பெயர் 'பரிசுச் சீட்டு'. பெயரைக் கவனியுங்கள். 'சூது' என்ற சொல் எங்கேயோ போய்விட்டது. கையில் இருப்பது பரிசு, அதுவும் அரசு தரும் பரிசு! "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. தமிழில் இதைவிடச் சுருக்கமாகச் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்கியவர் யாரும் இல்லை எனலாம். தோற்றவனுக்கும் அதில் ஆறுதல் இருக்கிறது. நீ தோற்கவில்லையப்பா, நாட்டுக்குக் கொடுத்திருக்கிறாய்!

பள்ளிக்கூடம் கட்ட, சாலை போட, ஏழைகளுக்கு வீடு கட்டப் பணமில்லாத காலம் அது. மத்திய அரசிடம் கையேந்தாமல் வருமானம் தேடிய மாநிலங்களுக்கு இது ஒரு வழியாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாட்டுக்கு உண்மையில் எவ்வளவு போனது என்பதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு ஒரு எளிய கணக்கு. 100 பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுச் சீட்டு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிசுக்கு 50 ரூபாய் போகிறது. மொத்த ஏஜென்ட், சில்லறை விற்பனையாளர், அச்சடிப்பு, விளம்பரம் எல்லாம் சேர்ந்து 40 ரூபாய். அரசுக்கு மிஞ்சுவது 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாயை வசூலிக்க நூறு பேர் பையில் கைவிட வேண்டியிருக்கிறது. எந்த வரியாவது இப்படி வசூலிக்கப்பட்டால் நாம் சும்மா இருப்போமா?

அச்சடித்த ஊரும் வாங்கிய ஊரும்

இந்தக் கதையில் சிவகாசிக்கு ஒரு தனி இடம் உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால்தான் இங்கே அச்சுத்தொழில் வளர்ந்தது. லேபிளில் தொடங்கி காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று விரிந்து, லாட்டரிச் சீட்டுகளும் சிவகாசி அச்சகங்களில் இரவு பகலாக அச்சாகின. ஆக, இந்த வட்டாரம் இரண்டு பக்கமும் நின்றது. அச்சகத் தொழிலாளிக்கு லாட்டரி ஒரு கூலி. மருந்து அடைக்கும், திரி சொருகும், தீப்பெட்டி ஒட்டும் தொழிலாளிக்கு அது ஒரு செலவு.

வாரக் கூலி வாங்கும் ஊர்களில் லாட்டரிக்கு நேரம் பார்த்து விற்கத் தெரியும். கூலி கிடைக்கும் நாள், பஸ் நிலையம், டீக்கடை – இந்த மூன்றும் சேரும் இடத்தில் சீட்டுக்கடை இருக்கும். கயிற்றில் தொங்கும் வண்ண வண்ணச் சீட்டுகளில் தமிழ்நாடு, கேரளா மட்டுமல்ல, சிக்கிம், மணிப்பூர், நாகாலாந்து, பூட்டான் பெயர்களும் இருக்கும். தன் வாழ்நாளில் சிக்கிமைப் பார்க்கப்போகாத ஒருவர், சிக்கிம் அரசின் கஜானாவுக்குத் தன் கூலியில் பங்கு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். "விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தில் 'நாடு' எது என்பதே அப்போது குழம்பிப்போயிருந்தது.

தொடக்கத்தில் மாதம் ஒரு குலுக்கல், வாரம் ஒரு குலுக்கல் என்று இருந்தது. பிறகு தினசரி ஆனது. பிறகு ஒரே நாளில் பல குலுக்கல்கள் வந்தன. ஒற்றை எண்ணைக் கட்டும் 'ஒரு நம்பர்' லாட்டரியும், கம்ப்யூட்டரில் ஆடும் ஆன்லைன் லாட்டரியும் வந்தன. கனவு கண்டு காத்திருக்கும் நேரம் குறையக் குறைய, அது சூதாட்டம் என்ற உண்மை வெளியே தெரிந்தது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

சூதாட்டம் ஒரு வியாபாரமா? வியாபாரம் என்றால் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமை அதற்கும் உண்டு. இல்லையென்றால் கிடையாது. எனவே இந்தத் தொழிலின் பெரிய தற்காப்பு எப்போதுமே நீதிமன்றத்தில்தான் நடந்தது.

1957-ல் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி வந்த ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில், சூதாட்டம் வியாபாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1967 நவம்பரில், கேரள லாட்டரி விற்பனை தொடங்கிய அதே மாதத்தில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று ஆந்திராவைச் சேர்ந்த ஒரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமை ஆட்டமே என்று தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயத்தைத் தடை செய்து 1974-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தைக் குறித்த வழக்கு அது. திறமை ஆட்டம் சூதாட்டம் அல்ல என்ற இந்த வாசல் பின்னாளில் ஆன்லைன் ரம்மிக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

லாட்டரிக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 1998-ல் மத்திய அரசு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒற்றை எண் லாட்டரி தடை செய்யப்பட்டது. வெளிமாநில லாட்டரியைத் தடுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிடைத்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம், அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான் என்று சொன்னது. வெளிமாநிலச் சீட்டைத் தடுக்க விரும்பும் மாநிலம் முதலில் தன் சொந்த லாட்டரியை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. நியாயமான பேச்சு. நான் விற்பது பரிசு, நீ விற்பது சூது என்று சொல்ல முடியாது அல்லவா?

2003 ஜனவரியில் ஜெயலலிதா தலைமையிலான அரசு தமிழகத்தில் எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. விற்பனையாளர்கள் பிழைப்புக்கு வழி கேட்டார்கள். அவர்களில் பலர் மாற்றுத்திறனாளிகள், வயதானவர்கள். அவர்கள் கேட்டது பொய்யான கேள்வி அல்ல. ஒரு தொழிலை அரசே தொடங்கி 35 ஆண்டு கழித்து மூடும்போது, அதன் அடிமட்டத்தில் நின்றவனுக்குத்தான் முதல் அடி விழுகிறது. ஆனால் சிவகாசி அச்சகங்கள் மூடவில்லை. காலண்டரும் நோட்டும் லேபிளும் அட்டைப்பெட்டியும் தொடர்ந்து அச்சாகின. லாட்டரி நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்ற பேச்சு அவ்வளவு பெரியது அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

வெளிநாட்டில் எப்படிப் பேசினார்கள்?

இந்தப் பேச்சை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கச் சூதாட்ட விடுதி முதலாளிகள். பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தது. நலிந்துபோன கடற்கரை நகரான அட்லாண்டிக் சிட்டியை மீட்போம் என்று சொல்லி 1976-ல் நியூ ஜெர்சியில் வாக்கெடுப்பு நடத்தி, 1978-ல் முதல் விடுதி திறக்கப்பட்டது. 1990-களில் அமெரிக்கன் கேமிங் அசோசியேஷன் என்ற சங்கம் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. பெயரில் 'கேம்ப்ளிங்' இல்லை, 'கேமிங்' இருக்கிறது. நம் ஊர் 'பரிசுச் சீட்டு' போலத்தான். வேலை எத்தனை, சம்பளம் எவ்வளவு, வரி எவ்வளவு என்ற கணக்குகளைச் சங்கம் தொடர்ந்து வெளியிட்டது. 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சூதாட்டத்தின் தாக்கத்தை ஆராய ஒரு ஆணையம் அமைத்தது. 1999-ல் வந்த அதன் அறிக்கை, விரிவாக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்து விளைவுகளை ஆராயுங்கள் என்று சொன்னது.

தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரின் கதை வேறு மாதிரியானது. 2005-ல் பிரதமர் லீ சியன் லூங் சூதாட்டக் கூடங்களை அனுமதிப்பதாக அறிவித்தபோது, அவற்றுக்கு 'ஒருங்கிணைந்த உல்லாசத் தளம்' என்று பெயர் வந்தது. சுற்றுலாவும் வேலைவாய்ப்பும்தான் அங்கும் காரணம். ஆனால் அந்த அரசு ஒரு விஷயத்தை மறைக்கவில்லை. சொந்தக் குடிமக்கள் உள்ளே போனால் கெடுவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் வைத்தது. 2019-ல் அது 150 வெள்ளி ஆனது. குடும்பத்தார் கேட்டால் ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி செய்தது. லாபக் கணக்கோடு நஷ்டக் கணக்கையும் ஒரு அரசு எழுதிய அரிய உதாரணம் இது.

பக்கத்து மாநிலமான கேரளாவிலும் லாட்டரி இன்றும் அரசின் கையிலேயே இருக்கிறது. 2023-24-ல் விற்பனை 12,500 கோடி ரூபாய் அளவில் நடந்தது. 2011-ல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போனது. இது உண்மையான உதவி. ஆனால் அந்த உதவிக்குப் பணம் கொடுத்தவரும் பெரும்பாலும் இன்னொரு ஏழை என்பதையும் மறக்கக்கூடாது.

கைபேசிக்குள் வந்த சீட்டுக்கட்டு

2003-ல் மூடிய கதவு கைபேசி வழியாகத் திறந்தது. ஒரு பக்கம், கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்களை வைத்து 'மூணு நம்பர்' என்று கள்ளத்தனமாக நடக்கும் ஆட்டம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில், இந்த ஆட்டத்தில் பணத்தை இழந்த ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். மறு பக்கம், நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் வைத்து விளம்பரம் செய்த ஆன்லைன் ரம்மி. இது கள்ளத்தனமாக வரவில்லை. அலுவலகம், வழக்கறிஞர், சங்கம் எல்லாவற்றோடும் வந்தது.

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி கே. சந்துரு குழு ஆராய்ந்து தடை செய்யப் பரிந்துரைத்தது. அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் சட்டமானது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்பதால் அவற்றுக்கான தடை செல்லாது என்றது. 1967-ல் திறந்த அதே வாசல்! பிறகு மாநில அரசு 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஜூன் மாதம் அதை உயர் நீதிமன்றம் ஏற்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது தொழில் சங்கங்கள் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதின. 2 லட்சம் பேருக்கு வேலை போகும், 400-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மூடப்படும், ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் வரி போகும் என்பது அவர்கள் வாதம். மத்திய அரசு சொன்ன கணக்கு, ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்பது. இரண்டு கணக்கிலும் 20,000 கோடி என்ற எண் வருவதைக் கவனித்தீர்களா? ஒருவர் அதை வரவு என்கிறார், மற்றவர் இழப்பு என்கிறார். சூதாட்டத்தில் வரவும் இழப்பும் ஒரே பணத்தின் இரண்டு பக்கங்கள்தானே!

வாதம் கடிதத்தோடு நிற்பதில்லை என்பதும் நமக்குத் தெரியவந்தது. 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது, மிக அதிகமாகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் லாட்டரித் தொழிலைச் சேர்ந்த ஃபியூச்சர் கேமிங். தொகை 1,368 கோடி ரூபாய். பெற்றவர்களில் ஆளுங்கட்சிகளும் எதிர்க்கட்சிகளும் இருந்தன.

பட்டாசும் அதையே சொல்கிறதே?

இங்கே தாயில்பட்டிக்காரர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம். "எங்கள் பட்டாசுத் தொழிலும் இதையேதானே சொல்கிறது? லட்சக்கணக்கான பேரின் பிழைப்பு என்று நாங்கள் சொன்னால் மட்டும் சரியா?"

நல்ல கேள்வி. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசை முழுமையாகத் தடை செய்ய மறுத்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தபோது இந்தப் பிழைப்பு வாதமும் அதன் முன் இருந்தது. அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, அந்த வாதம் வெறும் எண் அல்ல, அடுப்பு என்பதை இந்த ஊர்கள் கண்டன. பட்டாசில் ஒரு பொருள் உண்டாகிறது. அதை வாங்கியவர் விரும்பிய மகிழ்ச்சியை, கொடுத்த காசுக்குப் பெறுகிறார். சூதாட்டத்தில் எந்தப் பொருளும் உண்டாவதில்லை. ஒருவன் பை நிறைய இன்னொருவன் பை காலியாக வேண்டும். இது முக்கியமான வித்தியாசம்.

ஆனால் ஒரு ஒற்றுமையும் உண்டு. 2012-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் பட்டாசு விபத்தில் இறந்தார்கள். வேலை எத்தனை, வரி எத்தனை என்ற பட்டியலில் இவர்களுக்கு எந்த வரியும் இல்லை. லாட்டரியின் பட்டியலில் தோற்றவர்களுக்கு இடமில்லாதது போலவே. தொழில் எதுவானாலும், தன்னை நியாயப்படுத்தும்போது வரவுப் பக்கத்தை மட்டும்தான் வாசித்துக் காட்டும். மறுபக்கத்தை எழுதுவது அரசின், நீதிமன்றத்தின், நம் போன்றவர்களின் வேலை.

முடிவாக...

தொழிலுக்குச் சங்கம் உண்டு, வழக்கறிஞர் உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. தோற்றவர்களுக்குச் சங்கம் கிடையாது. தோற்றதை வெளியே சொல்லவே வெட்கப்படுகிறவர்கள் எப்படிச் சங்கம் அமைப்பார்கள்? அதனால்தான் 200 ஆண்டுகளாக அவர்கள் தரப்பு வாதம் சரியாக எழுதப்படவே இல்லை. தோற்றவனின் கணக்கு வீட்டு அடுக்களையில், அடகுக்கடை ரசீதில், பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. புள்ளிவிவரப் புத்தகத்தில் இல்லை.

அடுத்த முறை எந்தத் தொழிலாவது "நாங்கள் இத்தனை லட்சம் பேருக்குச் சோறு போடுகிறோம்" என்று சொன்னால், அதை மறுக்க வேண்டாம். பாதி உண்மை அதில் இருக்கும். அந்தச் சோறு யார் தட்டிலிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். விழுந்தால் வீட்டுக்கு என்பது சரி. விழாவிட்டாலும் அது ஒரு வீட்டிலிருந்து போன பணம்தானே!